எட்டாவது லேனில் நின்ற பிள்ளை

உங்கள் வீட்டில் ஓடக்கூடிய ஒரு பெண் பிள்ளை இருக்கிறாளா? இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள், சகோதரி. இல்லாவிட்டாலும் வாசியுங்கள். அடுத்த வளவில் ஒருத்தி நிச்சயம் இருப்பாள்.

எனது ராத்தாவின் மகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், பிள்ளைக்கு இப்போது வெட்கம் வந்துவிட்டது. சின்ன வயதில் அவளைக் கடைக்கு அனுப்பினால், இங்கே தேங்காய் துருவி முடிவதற்குள் சாமானோடு வந்து நிற்பாள். "நடந்து போ புள்ள" என்று உம்மா கத்துவார். அவளுக்கு நடக்கத் தெரியாது. ஓட மட்டும்தான் தெரியும்.

பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. நமது ஊர்களில் அது இன்னொரு பெருநாள் மாதிரி என்பது உங்களுக்குத் தெரியும். இல்லங்களைச் சோடிப்பதற்கென்று ஒரு கிழமையாகப் பிள்ளைகள் வீட்டையே மறந்துவிடுவார்கள். தென்னோலை, கலர்க் கடதாசி, பாண்ட் வாத்தியம், அணிநடை... அந்த ஒரு நாள் மட்டும் உம்மாமாரும் மைதானத்துக்கு வருவார்கள். 400 மீற்றரில் நம் பிள்ளை முதலாவது. வலய மட்டத்திலும் முதலாவது. அடுத்தது மாகாண மட்டம். வெளியூரில், பெரிய மைதானத்தில். ராத்தா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே அவளுக்கு விழுந்தது எட்டாவது லேன். ஓடுபாதையில் ஒவ்வொருவருக்கும் கோடு போட்டுப் பிரித்திருக்கும் வழியைத்தான் 'லேன்' என்கிறார்கள். ஆகக் கடைசியாக, வெளிப்புறத்தில் இருப்பது எட்டாவது. பிள்ளை போய் நின்று திரும்பிப் பார்த்தால், மற்ற எல்லாப் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள்! முதலாவது லேனில் நிற்கும் பிள்ளை 50 மீற்றருக்கும் அப்பால். இவள் பயந்துவிட்டாள். பிழையான இடத்தில் நிற்கிறோம், யாராவது ஏசப்போகிறார்கள் என்று நினைத்து, கையை உயர்த்தி, "சேர், நான் முன்னுக்கு நிக்கிறன்" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். துப்பாக்கி வெடித்தது.

ஓடினாள். கண்ணுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நான்தான் முதலாவது என்று எண்ணிக்கொண்டு, மூச்சைச் சேமிக்கலாம் என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். கடைசி வளைவு முடியும்போது ஐந்து பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஆறாவது.

வேனில் வரும்போது என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன் சாச்சி என்ன முன்னுக்கு நிப்பாட்டினாங்க?"

எனக்கும் பதில் தெரியவில்லை. வாகனத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தேடிப் படித்து, தெரிந்தவர்களைக் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கிணற்றுக் கட்டை ஒட்டி ஒரு தடவை சுற்றி வாருங்கள். பிறகு கட்டிலிருந்து நான்கடி தள்ளி நின்று ஒரு தடவை சுற்றி வாருங்கள். இரண்டாவது சுற்றுக்கு அடிகள் கூடுதலாகத் தேவைப்படும் அல்லவா? அவ்வளவுதான் விசயம். ஒரு லேனின் அகலம் 1.22 மீற்றர். உள்ளே ஓடுபவருக்கு ஒரு சுற்று சரியாக 400 மீற்றர் என்றால், வெளியே ஓடுபவருக்கு அது கூடிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் வெளியே நிற்பவரை முன்னே தள்ளி நிறுத்துகிறார்கள். இரண்டாவது லேனில் 7 மீற்றர் 4 சென்ரிமீற்றர். அதற்குப் பின் ஒவ்வொரு லேனுக்கும் 7 மீற்றர் 67 சென்ரிமீற்றர் கூடிக்கொண்டே போய், எட்டாவது லேனில் 53 மீற்றருக்குச் சற்று மேல் வந்துவிடும். பிள்ளைக்குச் சலுகையும் இல்லை, அநியாயமும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தூரம்.

ஆனால் எட்டாவது லேனில் ஒரு கஷ்டம் உண்டு. போட்டியாளர் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள். முழு ஓட்டத்தையும் தன் மனக்கணக்கிலேயே ஓட வேண்டும். பழகிய வீரர்களே அதை விரும்புவதில்லை. ஆயினும் 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கில் தென்னாபிரிக்காவின் வைட் வான் நீகேர்க் அதே எட்டாவது லேனில் நின்று 400 மீற்றரை 43.03 செக்கனில் ஓடித் தங்கமும் உலக சாதனையும் எடுத்தார். அவரைப் பயிற்றுவித்தவர் யார் தெரியுமா, சகோதரிகளே? ஆன்ஸ் போத்தா என்ற 74 வயதுப் பெண்மணி. பேரப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்து, கொள்ளுப் பாட்டியாகிவிட்டவர். இதைச் சொன்னபோது என் உம்மா நம்பவில்லை.

நம் பிள்ளை ஏன் இதை அறியவில்லை? அவள் பழகிய மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர்தான். சுண்ணாம்பால் நான்கு கோடு. 400 என்றால் இரண்டு சுற்று. சரியான அளவில், எட்டு லேன் போட்ட ஓடுபாதையை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டதே போட்டி நாளன்றுதான். பரீட்சை மண்டபத்தில் வைத்துத்தான் எழுத்தைக் காட்டினார்களாம் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

மைதானம் வேறு, அரங்கு வேறு

நமது கரையில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை என்று ஆண்கள் சொல்வார்கள். கல்முனையில் சந்தாங்கேணி மைதானத்தை அறியாதவர் இல்லை. உதைபந்தாட்டம் என்றால் நம் இளைஞர்களுக்கு உயிர். சனிமவுண்ட் என்றும் மருதமுனை ஒலிம்பிக் என்றும் கழகப் பெயர்களைச் சொல்லி வீட்டுக்குள்ளேயே காக்காவும் தம்பியும் சண்டை பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். சந்தாங்கேணியைத் தரமான விளையாட்டரங்காக ஆக்க வேண்டும் என்ற பேச்சும் புதியதல்ல. வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது.

ஆனால் பந்து விளையாட ஒரு வெளி போதும். விளையாட்டரங்கு என்பது அப்படியல்ல. உதைபந்தாட்டத்துக்கும் மெய்வல்லுநர் போட்டிக்கும் ஒரே இடத்தில் வசதி செய்ய வேண்டுமென்றால் அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இலங்கையில் இதற்கு எடுத்துக்காட்டு கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு. 1972இல் திறக்கப்பட்டது. கொழும்பு மாநகர முதல்வராகவும் பின்னர் அமைச்சராகவும் இருந்த வீ.ஏ. சுகததாசவின் பெயர் அதற்கு. சுமார் 25,000 பேர் இருந்து பார்க்கலாம். மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போன உங்களில் பலர் அதன் மதிலைக் கடந்து போயிருப்பீர்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழா அங்கே நடந்தது. 1995இல் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றதும் அங்கேதான். இறுதிப் போட்டியில் இந்தியாவை 1க்கு 0 என்று தோற்கடித்தார்கள். 2002இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டி. ஒரே புல்தரை, ஒரே ஓடுபாதை. பந்துக்கும் ஓட்டத்துக்கும் பொது.

யாழ்ப்பாணத்தில் துரையப்பா அரங்கு. அதுவும் ஒரு மாநகர முதல்வரின் பெயர்தான். 1975இல் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பா. நமக்கு அருகில் மட்டக்களப்பில் வெபர் அரங்கு. அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை ஓடவும் கூடைப்பந்து விளையாடவும் பழக்கிய அருட்தந்தை வெபரின் பெயர் அது. எங்கிருந்தோ வந்த ஒரு மனிதர் நம் அயல் ஊர்ப் பிள்ளைகளின் கால்களில் வைத்த அக்கறையை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 400 மீற்றர் ஓடுபாதை என்பது இரண்டு நேர்ப் பக்கங்களும் இரண்டு அரைவட்டங்களும். நேர்ப் பக்கம் ஒவ்வொன்றும் 84.39 மீற்றர். அரைவட்டத்தின் ஆரை, உள் விளிம்பு வரை 36.5 மீற்றர். இந்த வளையத்துக்குள்தான் உதைபந்தாட்டத் தரையை வைக்க வேண்டும். சர்வதேசப் போட்டிக்கு விரும்பப்படும் தரை 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். உள்ளே வைத்துப் பார்த்தால் நான்கு மூலைகளிலும் ஓடுபாதைக்கும் கோட்டுக்கும் இடையே மிஞ்சுவது ஒரு மீற்றரிலும் சற்றுக் குறைவு! கோர்னர் அடிக்க ஓடி வருபவர் ஓடுபாதையில் நின்றுதான் ஓடிவர வேண்டும். ஆகவே ஓடுபாதையின் அளவுக்குள் பந்துத் தரையை அடக்க வேண்டுமே தவிர, முதலில் பந்துத் தரையைப் போட்டுவிட்டுப் பிறகு அதைச் சுற்றிக் கிடைக்கும் இடத்தில் கோடு போடக் கூடாது. நமது ஊர்களில் இரண்டாவதுதான் நடக்கிறது. 370 மீற்றரிலும் 385 மீற்றரிலும் ஓடிப் பழகிய பிள்ளை 400க்குப் போகும்போது கடைசி வளைவில் கால் இழுக்கும். காலில் பிழை இல்லை, கோட்டில் பிழை.

இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் சண்டையும் உண்டு. சம்மட்டி எறிந்தால் புல்தரையில் குழி விழும்; பந்து விளையாடுபவர்கள் முணுமுணுப்பார்கள். ஓடுபாதை நடுவில் இருப்பதால் பார்வையாளருக்குப் பந்து தூரமாகிவிடும். ஜேர்மனியில் மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் பல்லாண்டு விளையாடிய பயேர்ன் கழகம் 2005இல் ஓடுபாதை இல்லாத புதிய அரங்குக்குக் குடிபோனது. பணக்காரக் கழகத்துக்கு அது முடியும். நமது கரையோர ஊர்களில் வளவோடு வளவு முட்டிக்கொண்டு நிற்கிறது. மதிலுக்கு மதில் ஒரு சாண் இடைவெளி. பந்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு அரங்கு கட்ட நிலம் எங்கே? இங்கே பொது அரங்குதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரங்கு என்றவுடன் சிவப்பு நிற இறப்பர்ப் பாதைதான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. அது கிட்டத்தட்ட 13 மில்லிமீற்றர் தடிப்பமான செயற்கைப் படலம். போடுவதற்கும் செலவு, தேய்ந்தால் மறுபடி போடுவதற்கும் செலவு. அது வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒலிம்பிக்கில் இந்தச் செயற்கைப் பாதை வந்ததே 1968இல் மெக்சிக்கோவில்தான். நம் நாட்டு டங்கன் வைட் 1948இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றது எரிந்த கரித்தூள் பாதையில். அதுவும் வெம்ப்ளி என்ற உதைபந்தாட்டப் பேர்பெற்ற அரங்கில்! புல்லாக இருக்கட்டும், கிரவலாக இருக்கட்டும், அளவு சரியாக இருந்தால் முதலில் அது போதும்.

அரங்குக்குள் உம்மாமார்

இவ்வளவையும் ஏன் சமையலறையில் நிற்கும் நம்மிடம் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

ஓர் ஊருக்கு அரங்கு வருகிறது என்றால் வரைபடத்தைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் பெண்களுக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றாது. கட்டி முடித்த பிறகு மதிலை உடைத்து வாசல் வைப்பது எவ்வளவு கரைச்சல் என்பது வீடு கட்டிய உங்களுக்குத் தெரியும். குசினிக்குத் தண்ணீர்க் குழாயை அத்திவாரத்தோடு போடாமல் விட்டால் பிறகு படும் பாடு!

ஒரு வெளியூர் மைதானம். எங்கே என்பது வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போனோம். பெண் பிள்ளைகள் போகக்கூடிய மாதிரி ஒரு கழிப்பறை அங்கே இல்லை. இருந்ததும் ஆண்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். சித்திரை வெயிலில், ஓட வேண்டிய பிள்ளைகள்! பகல் ஒரு மணிக்கு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். வெயில் தாக்கம் என்றார்கள். அங்கே நின்ற உம்மாமாருக்குத்தான் உண்மை தெரியும். உடுப்பு மாற்ற இடமில்லாமல் நாங்கள் நான்கு பேர் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண் பிள்ளை ஓடுவது நமக்குப் புதிதா? நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், அதில் ஆயிஷா நாயகி வென்றதும், பின்னொரு காலம் உடல் கனத்த பிறகு மறுபடி ஓடியபோது நபியவர்கள் வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை, நபியவர்களின் பின்னால் நின்று தமக்குப் போதும் என்று ஆகும்வரை அவர் பார்த்திருந்த செய்தி புகாரியில் உண்டு. மதரசாவில் படித்ததுதான். மைதானத்தை நினைக்கும்போது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது.

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மொரோக்கோவின் நவால் அல் முத்தவக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் வென்றார். முஸ்லிம் நாடொன்றிலிருந்து ஒரு பெண் எடுத்த முதல் ஒலிம்பிக் தங்கம். 1992இல் அல்ஜீரியாவின் ஹஸ்ஸீபா பூல்மெர்கா 1500 மீற்றரில் வென்றார். அவர் ஓடிய உடைக்காகத் தன் நாட்டிலேயே மிரட்டல்களைச் சந்தித்து, வெளிநாட்டில் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலை முதல் கால்வரை மூடிய உடையில் ஓடி 2006 ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றர் தங்கத்தை எடுத்தார். ஒரு பக்கம் உடை குறைவென்றார்கள். மறு பக்கம் உடை கூடுதலென்றார்கள். தலையை மூடிக்கொண்டு பெண்கள் உதைபந்து விளையாடுவதற்கு இருந்த தடையைச் சர்வதேச விதிக்குழு 2014இல்தான் முற்றாக நீக்கியது. ஈரானில் பெண்கள் டிக்கற் வாங்கி அசாதி அரங்கில் இருந்து தம் நாட்டு ஆண்களின் ஆட்டத்தைப் பார்க்க 2019 ஒக்டோபர் வரை காத்திருந்தார்கள். சவூதியில் அந்தக் கதவு 2018 ஜனவரியில் ஜித்தாவில் திறந்தது.

ருகையா தங்கம் வென்ற இடம் தோஹாவின் கலீபா அரங்கு. நம் வீட்டு ஆண்கள் கத்தாரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். அந்த வளைவுகளைக் கண்டிருப்பார்கள். 2019இல் அங்கே உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தது. மூன்று வருடம் கழித்து, 2022இல், அதே அரங்கில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம். பொது அரங்கு என்றால் இதுதான். அந்த உலகக் கிண்ணத்தில் மொரோக்கோ அணி போர்த்துக்கலை 1க்கு 0 என வென்ற அன்று, சுபியான் பூபால் தன் தாயைப் புல்தரைக்கே அழைத்து வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். தலையை மூடிய, நம் மாமியைப் போன்ற ஒரு தாய். தொப்பி வடிவில் கட்டிய அல் துமாமா அரங்கு அது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து ராத்தா அழுதார். ஏன் என்று கேட்டேன். "நான் அண்டைக்கு வேலிக்கு வெளியேதானே நிண்டன்" என்றார். எட்டாவது லேன் நாளைத்தான் சொன்னார். இருக்கைகளில் பெண்களுக்கென்று ஒரு பகுதி இருக்கவில்லை. மகள் ஓடியதைக் கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர்.

இனி, உங்கள் சொந்த விசயத்துக்கு வருகிறேன். சீனி வருத்தம், பிரஷர் என்று போனால் டொக்டர் என்ன சொல்கிறார்? நடங்கள் என்கிறார். எங்கே நடப்பது? பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும். கடற்கரைக்குத் தனியாகப் போனால் நாய்த் தொல்லை, பார்ப்பவர் வாய்த் தொல்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். 400 மீற்றர் பாதையில் சாதாரண வேகத்தில் ஒரு சுற்று நடக்க ஐந்து நிமிடம் போதும். ஆறு சுற்று. முடிந்தது! சுபஹுக்குப் பிறகு வாரத்தில் சில நாள் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று வாசலில் ஒரு பலகை. வாசலில் நிற்க ஒரு பெண். இதற்கு இறப்பரும் வேண்டாம், மின்விளக்குக் கோபுரமும் வேண்டாம்.

கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை என்று தயங்குகிறீர்களா? அலுமாரியைத் திறந்து, மாநகர சபைக்கு ஆதனவரி கட்டிய பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். கல்முனை மாநகர சபையானது 2001இல். அதற்கு முன்பும் வரி கட்டித்தான் வந்தோம். நம் கரையில் வீடு பெண் பிள்ளைக்குத்தானே எழுதப்படுகிறது? அந்தச் சீட்டில் பல வீடுகளில் இருப்பது வாப்பாவின் பெயருமல்ல, மாப்பிள்ளையின் பெயருமல்ல. உங்கள் பெயர். வேலி அடைப்பதற்கும் குப்பை அள்ளுவதற்கும் கடிதம் கொடுக்கிற நாம், மாதர் சங்கத்தின் பெயரில் இதற்கும் ஒரு கடிதம் கொடுக்கலாம். தனி வாசல், கழிப்பறை, உடை மாற்றும் அறை, தொழுகைக்கு ஓர் இடம், உம்மாமார் இருந்து பார்க்க நிழலுள்ள ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு தெரிந்த ஒரு பெண் பயிற்றுநர். வரைபடம் மேசையில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

பிள்ளையின் கதையை விட்ட இடத்தில் முடிக்கவில்லை. அளவெல்லாம் விளங்கிய பிறகு மச்சானிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் அஸருக்குப் பிறகு நைலோன் கயிற்றில் 36 மீற்றர் 80 சென்ரிமீற்றர் அளந்து வெட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே காய்ந்து கிடந்த தரவைக்குப் போனார். முதலாவது லேனில் ஓடுபவரின் கால் படும் கோடு உள் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளித்தான் கணக்கிடப்படும், அதனால்தான் 36.5க்குப் பதில் 36.8. நேர்ப் பக்கத்தின் அளவில் இரண்டு கட்டைகளை இறுக்கினார். கட்டையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து நடந்தால் அரைவட்டம் வந்துவிடுகிறது. சுண்ணாம்பு தூவிக்கொண்டே நான் பின்னால் போனேன். அதற்கு வெளியே எட்டாவது லேனையும் அளந்து, 53 மீற்றர் முன்னால் ஒரு முளை அடித்தோம். மாடுகள் ஒதுங்கி நின்று பார்த்தன.

நான்கு மாதம் பிள்ளை அந்த முளையிலிருந்துதான் ஓடினாள். ராத்தா ஹபாயாவோடு முடிவுக் கோட்டில் நின்று தொலைபேசியில் நேரம் பிடித்தார். முதல் நாள் 76 செக்கன். கடைசியாக எழுதி வைத்தது 68.

பிறகு மாரி தொடங்கியது. தரவை முழுவதும் இப்போது முழங்கால் அளவு தண்ணீர். சுண்ணாம்புக் கோடு போய் எத்தனையோ நாள். பிள்ளை வீட்டு மதிலைச் சுற்றி ஓடுகிறாள். ஒரு சுற்று 61 மீற்றர் என்று மச்சான் அளந்து சொன்னார். கிணற்றடியில் திரும்பும்போது வழுக்கும் என்று ராத்தா அங்கே மணல் கொட்டி வைத்திருக்கிறார்.